பச்சையா இருந்தா அது காடா? சீனாவின் மழைக்காட்டை மீண்டும் வளர்க்கும் கதை

ஒரு சின்ன வேலை. மேப் ஆப்பைத் திறந்து, சீனாவின் தென்மேற்கு மூலையில இருக்கும் 'ஜிங்ஹோங்'ங்கிற ஊரைத் தேடுங்க. சாட்டிலைட் வியூவுக்கு மாத்திட்டு மெதுவா ஜூம் பண்ணுங்க. முதல்ல தெரியுறது பச்சை. எங்க பார்த்தாலும் பச்சை. 'ஆஹா, என்ன ஒரு காடு!'ன்னு தோணும். இன்னும் கொஞ்சம் ஜூம் பண்ணினா, அந்தப் பச்சை மலைகள் மேல வரிவரியா கோடுகள் தெரியும், நம்ம கட்டைவிரல் ரேகை மாதிரி. அந்தக் கோடுகள் எல்லாம் மலையைப் படிப்படியா வெட்டி நட்ட ரப்பர் மரங்கள்.

கோடு இல்லாம, பிராக்கோலியைக் கொட்டி வெச்ச மாதிரி முண்டும் முடிச்சுமா தெரியுற இடங்கள்தான் நிஜமான காடு. இந்த ரெண்டு பச்சைக்கும் நடுவுல நடக்கிற இழுபறியைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

இடத்தோட பெயர் சிஷுவாங்பன்னா. யுன்னான் மாகாணத்தோட தெற்கு நுனி. ஒரு பக்கம் மியான்மர், இன்னொரு பக்கம் லாவோஸ், நடுவுல மீகாங் ஆறு. சீனர்கள் இந்த ஆற்றை லான்சாங்னு கூப்பிடுறாங்க. பரப்பளவு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். இங்க கணிசமா வாழ்றது தாய் இன மக்கள். தாய்லாந்துன்னு சொல்றோமே, அந்தத் 'தாய்'தான். அவங்க மொழியில இந்த இடம் 'சிப்சோங் பன்னா', அதாவது பன்னிரண்டாயிரம் நெல் வயல்கள். பெரும்பாலும் தேரவாத பௌத்தர்கள். நமக்குச் சித்திரை பிறக்கிற அதே ஏப்ரல் நடுவுல இவங்களுக்கும் புத்தாண்டு. ஊரே ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்திக் கொண்டாடும்.

சீனான்னதும் நமக்குப் பனி, பெருஞ்சுவர், வானுயர்ந்த கட்டடங்கள்தான் ஞாபகம் வரும். ஆனா நாட்டோட நிலப்பரப்புல 0.2 சதவிகிதம்கூட இல்லாத இந்த மூலையில, சீனாவின் தாவர வகைகளில் சுமார் 16 சதவிகிதமும், பறவை வகைகளில் மூணுல ஒரு பங்குக்கு மேலயும் இருக்கு. சீனாவின் காட்டு யானைகளில் பெரும்பாலானவை வாழ்றதும் இங்கதான்.

வானத்தைப் பார்க்கும் மரம்

சொல்லப்போனா, இங்க மழைக்காடு இருக்கவே கூடாது. நிலநடுக்கோட்டுல இருந்து ரொம்ப வடக்கே, 21-22 டிகிரியில இருக்கு இந்த இடம். வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் அளவுதான் மழை. அதுவும் மே முதல் அக்டோபர் வரைக்கும்தான். மீதி ஆறு மாசம் வறட்சி. அதனாலேயே ரொம்ப நாள் வரைக்கும் 'சீனாவில் உண்மையான மழைக்காடு கிடையாது'ன்னு பல தாவரவியலாளர்கள் நினைச்சாங்க. தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுன்னா டிப்டெரோகார்ப்னு ஒரு மரக் குடும்பம் இருக்கணும். வானம் தொடும் உயரத்துக்கு வளரும் குடும்பம் அது.

1970-களில் மெங்லா பகுதிக் காட்டுக்குள்ள போனவங்க அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தைக் கண்டுபிடிச்சாங்க. 60 மீட்டருக்கு மேல வளரும். கிட்டத்தட்ட 20 மாடி. சீனப் பெயர் வாங்தியன்ஷு. 'வானத்தைப் பார்க்கும் மரம்'னு அர்த்தம். அந்த ஒரு மரத்தோட வாதம் முடிஞ்சது. சீனாவுக்கும் மழைக்காடு இருக்கு!

சரி, வறட்சியான ஆறு மாசத்தை இந்தக் காடு எப்படித் தாண்டுது? மூடுபனிதான் ரகசியம். நவம்பர்ல இருந்து ராத்திரியில பள்ளத்தாக்குல இறங்கும் பனி, காலையில பத்து, பதினோரு மணி வரைக்கும்கூட விலகாது. இலைகள்ல பட்டு, சொட்டுச் சொட்டா மண்ணுல விழும். காடு ஒரு வருஷத்துல வாங்குற தண்ணியில இந்தச் சொட்டு நீர் மட்டும் சுமார் 5 சதவிகிதம்னு மெங்லுன் ஊர்ல அளந்து பார்த்திருக்காங்க. 5 சதவிகிதம்தானேன்னு நினைக்காதீங்க. மழையே வராத மாசத்துல கிடைக்கிற 5 சதவிகிதம் அது.

அதே மெங்லா பக்கம் 2007-ல 20 ஹெக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர் காட்டை அளந்து கயிறு கட்டி, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் எண்ணினாங்க. மொத்தம் 95,834 மரங்கள். 468 வகைகள். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்குங்க. பக்கத்து மலையில இருக்கும் ரப்பர் தோட்டத்துல எத்தனை வகை மரம்? ஒண்ணே ஒண்ணு.

ரப்பர் எப்படி வந்துச்சு?

ரப்பர் மரத்தோட பூர்வீகம் அமேசான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வளருது, அது 8 டிகிரி அட்சரேகை. மலேசியத் தோட்டங்கள்ல நம்ம தாத்தா பாட்டி தலைமுறை பால் வெட்டினது இன்னும் தெற்கே. 21 டிகிரியில, குளிர் அடிக்கிற மலையில ரப்பர் வளரும்னு யாரும் நம்பலை.

ஆனா சீனாவுக்கு வேற வழி இல்லாமப்போச்சு. 1950-களின் தொடக்கத்துல கொரியப் போர். சீனாவுக்கு எதிரா வர்த்தகத் தடை. ரப்பர் இல்லைன்னா டயர் இல்லை, டயர் இல்லைன்னா லாரியும் இல்லை, ராணுவமும் இல்லை. அதனால நாட்டுல எங்கெல்லாம் ரப்பர் வளர வாய்ப்பு இருக்கோ அங்கெல்லாம் அரசுப் பண்ணைகளை ஆரம்பிச்சாங்க. ஹைனான் தீவுக்கு அடுத்தபடியா சிக்கினது சிஷுவாங்பன்னா. வேற மாகாணங்கள்ல இருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி, தாழ்வான மலைகள்ல இருந்த காட்டை வெட்டினாங்க. மழைக்காடு செழிச்சு நிக்கிறதும் அதே தாழ்வான, சூடான பள்ளத்தாக்குகள்லதான். பிரச்னையோட வேரே இதுதான்: ரப்பருக்கும் மழைக்காட்டுக்கும் பிடிச்ச இடம் ஒண்ணு.

1980-களில் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. முதல்ல தாய் மக்கள் நட்டாங்க. அப்புறம் மேல் மலைகள்ல இருந்த ஹானி, ஜினுவோ இன மக்களும் நட ஆரம்பிச்சாங்க. 2000-க்கு அப்புறம் சீனாவுல கார் வாங்குறவங்க எண்ணிக்கை ஏறினதும் ரப்பர் விலை தலைதெறிக்க ஓடிச்சு. 1988-ல சிஷுவாங்பன்னாவோட பரப்புல 4.5 சதவிகிதம் ரப்பர். 2002-ல சுமார் 10 சதவிகிதம். 2010-ல 22 சதவிகிதம். கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு நிலம். பாதுகாக்கப்பட்ட காப்பகங்களுக்கு உள்ளேயும் ரப்பர் நுழைஞ்சிடுச்சு.

இன்னொரு பக்கம், தாழ்நில மழைக்காடு 1976-ல மாவட்டப் பரப்புல 10.9 சதவிகிதம் இருந்துச்சு. 2003-ல மிஞ்சினது 3.6 சதவிகிதம். ஒரு தலைமுறைக்குள்ள மூணுல ரெண்டு பங்கு காலி.

இங்க ஒரு நிமிஷம் நிப்பாட்டி யோசிக்கணும். 'பேராசை பிடிச்ச விவசாயிகள் காட்டை அழிச்சிட்டாங்க'ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிடலாம். ஆனா அது நியாயம் இல்லை. தலைமுறை தலைமுறையா மலைச்சரிவுல நெல்லும் சோளமும் போட்டு அரை வயித்துக்கு வாழ்ந்த குடும்பங்களுக்கு, முதல் தடவையா கையில காசு கொடுத்தது ரப்பர்தான். மூங்கில் வீடு காங்கிரீட் வீடாச்சு. பிள்ளைங்க காலேஜுக்குப் போனாங்க. டயர் போட்ட வண்டியில சுத்துற நாம, பால் வெட்டுறவரைப் பார்த்து விரல் நீட்டுறது கொஞ்சம் கஷ்டம்.

பச்சைப் பாலைவனம்

ரப்பர் தோட்டத்துக்குள்ள நடந்து பார்த்தவங்க முதல்ல சொல்றது அமைதியைப் பத்தித்தான். பூச்சிச் சத்தம் குறைவு, பறவைச் சத்தம் அதைவிடக் குறைவு. கீழே முளைக்கிற செடியெல்லாம் களைக்கொல்லி அடிச்சு, வெட்டி, சுத்தமா வெச்சிருப்பாங்க. யானைக்குத் தின்ன அங்க ஒண்ணும் கிடையாது. மூடுபனி நாட்கள் குறைஞ்சிருக்கு. 'முன்னாடி வருஷம் முழுக்க ஓடின ஓடை, இப்ப மார்ச் மாசத்துல காஞ்சிடுது'ன்னு ஊர்க்காரங்களும் சொல்றாங்க. காரணம் என்னன்னா, ஜனவரி, பிப்ரவரியில இலை உதிர்க்கிற ரப்பர் மரம், வறட்சி உச்சத்துல இருக்கும்போதே புது இலை விட ஆரம்பிச்சிடும். மழைக்குக் காத்திருக்காது. மண்ணோட ஆழத்துல மிச்சம் இருக்கும் தண்ணியை உறிஞ்சிடும்.

இதுல ஒரு வேடிக்கை, புள்ளிவிவரத்துல இதுவும் 'காடு'தான். ஐ.நா-வின் உணவு, வேளாண்மை அமைப்பு தன்னோட உலகக் காடுகள் கணக்குல ரப்பர் தோட்டங்களைக் காடுன்னு சேர்க்குது. அதனால 468 வகை மரம் இருந்த இடத்தை வெட்டி ஒரே வகை மரம் நட்டாலும், காகிதத்துல காடு குறையாது. 'பசுமைப் பரப்பு கூடியிருக்கு'ன்னு எந்த நாட்டைப் பத்திச் செய்தி வந்தாலும், அது எந்தப் பச்சைன்னு ஒரு கேள்வி கேட்டுக்குங்க.

சாமிக்குப் பயந்து பிழைச்ச காடு

இத்தனைக்கும் நடுவுல துண்டு துண்டா காடு மிஞ்சியிருக்கே, அது எப்படி? ஒரு காரணம் அரசுக் காப்பகங்கள். 1958-லயே முதல் காப்பகங்களை அறிவிச்சாங்க. இன்னைக்கு அஞ்சு துண்டா சிதறிக் கிடக்கும் சிஷுவாங்பன்னா தேசிய இயற்கைக் காப்பகத்தோட பரப்பு சுமார் 2,400 சதுர கிலோமீட்டர். 1993-ல யுனெஸ்கோ உயிர்க்கோளப் பட்டியல்லயும் சேர்ந்தது.

இன்னொரு காரணம் ரொம்பப் பழசு. தாய் மக்களோட ஒவ்வொரு ஊருக்கும் ஒரு 'லோங்' உண்டு. ஊரை உருவாக்கின முன்னோர்களோட ஆவி குடியிருக்கும் புனித மலை. அங்க மரம் வெட்டக் கூடாது, வேட்டை கூடாது, விழுந்த கிளையைக்கூட எடுக்கக் கூடாது. நம்ம ஊர்க் கோயில்காடு மாதிரின்னு சொன்னா உடனே புரிஞ்சிடும். இதைப் பல வருஷம் ஆராய்ஞ்ச தாவரவியலாளர் பெய் ஷெங்ஜி, சிஷுவாங்பன்னாவில் இப்படிச் சுமார் 400 மலைகள் இருந்ததா எழுதியிருக்கார்.

'அப்போ விறகுக்கு என்ன பண்ணுவாங்க?' அதுக்கும் ஒரு ஏற்பாடு வெச்சிருந்தாங்க. ஊரைச் சுத்திக் கொன்றை இனத்துல ஒரு மரத்தை நட்டு, தலையை மட்டும் வெட்டி வெட்டி விறகு எடுப்பாங்க. வெட்ட வெட்டத் துளிர்க்கும். காட்டுப் பக்கமே போக வேண்டாம். மழைக்காட்டைக் காப்பாத்த இதைவிட எளிமையான தொழில்நுட்பத்தை நான் இதுவரைக்கும் படிச்சதில்லை.

ஆனா, 1960-70-களின் கலாசாரப் புரட்சியில 'மூடநம்பிக்கை'ன்னு சொல்லி இந்த நம்பிக்கைகளை ஒடுக்கினாங்க. பயம் போச்சு. பல புனித மலைகளும் ரப்பரா மாறிடுச்சு. மிஞ்சினதும் சின்னச் சின்னத் துண்டுகள். நாலு பக்கமும் ரப்பர் சூழ்ந்திருக்க, வெயிலும் காத்தும் உள்ளே புகுந்து ஓரத்துல இருந்து காய ஆரம்பிக்கும். அப்படியும் சும்மா சொல்லக் கூடாது. காட்டைத் திரும்ப வளர்க்க விதை வேணும்னா முதல்ல தேடிப் போக வேண்டிய இடம் இந்தத் துண்டுகள்தான்.

மழைக்காட்டை 'நட' முடியுமா?

இப்போ நிஜமான கேள்விக்கு வருவோம். வெட்டின மழைக்காட்டைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

முதல் சிக்கல் விதை. நெல்லையோ அவரையையோ மாதிரி காயவெச்சு டப்பாவுல போட்டு அடுத்த வருஷம் முளைக்க வைக்கலாம்னு நினைச்சா, மழைக்காட்டு மரங்கள்ல பலதுக்கு அது முடியாது. வாங்தியன்ஷு விதை காய்ஞ்சா செத்துச்சு. குளிர்ல வெச்சாலும் தாங்காது. கீழே விழுந்த சில நாள்லயே முளைக்கணும், இல்லைன்னா அவ்வளவுதான். அதனால இந்த மரங்களை விதை வங்கியில பூட்டி வைக்க முடியாது. காய்க்கிற காலத்துல மரத்தடியிலயே காத்திருந்து பொறுக்கி, நேரா நர்சரிக்குக் கொண்டுபோகணும். அந்த நாற்றுக்கும் முதல் சில வருஷம் நிழல் வேணும். மொட்டை வெயில்ல நட்டா கருகிடும். நிழல் தர மரம் வேணும். அந்த மரமும் இனிமேதான் வளரணும்.

இந்த முடிச்சை அவிழ்க்கிற ஒரு வழியைத் தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்துல 1994-ல இருந்து சோதிச்சுட்டு வர்றாங்க. 468 வகையையும் நாமளே நட வேண்டாம்ங்கிறதுதான் அடிப்படை. உள்ளூர் மரங்கள்ல இருந்து 20, 30 வகையைத் தேர்ந்தெடுப்பாங்க. மூணு தகுதி பார்ப்பாங்க: வேகமா வளரணும், அடர்ந்த நிழல் கொடுத்துப் புல்லை அடக்கணும், சின்ன வயசுலயே பறவைக்கும் விலங்குக்கும் பழம் கொடுக்கணும். மூணாவது தகுதிதான் முக்கியம். ரெண்டு, மூணு மழைக்காலம் களை எடுத்துப் பார்த்துக்கிட்டா மேலே கிளைகள் கைகோத்துடும். அப்புறம் வேலையைப் பறவைகள் எடுத்துக்கும். பழம் தின்ன வர்ற கொண்டைக்குருவி, பக்கத்துக் காட்டு விதையை எச்சத்துல போட்டுட்டுப் போகும். அங்க நட்ட இடங்கள்ல எட்டு, ஒன்பது வருஷத்துல யாருமே நடாத 70-க்கும் மேற்பட்ட மர வகைகள் தானா முளைச்சிருந்துச்சு.

ஆனா பறவை விதை போடணும்னா பக்கத்துல காடு இருக்கணும், காட்டுல பறவை இருக்கணும். சின்ன விதையைக் கொண்டைக்குருவி சுமக்கும். கோலிக்குண்டு சைஸ் விதையை விழுங்க இருவாச்சி, கிப்பன், யானை மாதிரி பெரிய ஆட்கள் வேணும். சிஷுவாங்பன்னாவில் பல வருஷ வேட்டையால இவங்கதான் முதல்ல காணாமப்போனவங்க. ஒரு காலத்துல மெங்லா காடுகள்ல காலையில பாடின வெண்கன்ன கிப்பன் இன்னைக்கு சீனக் காடுகள்லயே இல்லை. மரம் நிக்கிது, அதோட விதையைத் தூக்கிட்டுப் போற ஆள் இல்லை. அதனால பெரிய விதை மரங்களை மனுஷங்களே சுமந்துபோய் நட வேண்டியிருக்கு.

துடுப்புப் படகுல வந்த தோட்டம்

இந்த வேலைக்கு அங்க ஒரு தலைமை அலுவலகம் மாதிரி இருக்கிறது, மெங்லுன் ஊர்ல இருக்கும் சிஷுவாங்பன்னா வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம். லுவோசுவோங்கிற ஆறு சுத்தி வளைச்சுப் போற, சுரைக்காய் வடிவத் துண்டு நிலத்துல இருக்கு. சாய் ஷிதாவ்ங்கிற தாவரவியலாளர் 1959-ல ஆரம்பிச்சார். பாலம் இல்லாத காலம். அவரும் சில இளைஞர்களும் படகுல ஆத்தைக் கடந்து, புதரை வெட்டி, குடிசை போட்டு உட்கார்ந்தாங்க. இன்னைக்கு 1,100 ஹெக்டேருக்கு மேல பரப்பு, 13,000-க்கு மேல தாவர வகைகள், உள்ளேயே பாதுகாக்கப்பட்ட ஒரு மழைக்காடு.

சாய் ஷிதாவைப் பத்தி எனக்குப் பிடிச்ச விஷயம், ரப்பர் வேண்டாம்னு அவர் கோஷம் போடலை. நாடே ரப்பர் ரப்பர்னு அலையுற காலத்துல, 'சரி, ஆனா தனியா நடாதீங்க'ன்னு சொன்னார். மேலே ரப்பர், கீழே தேயிலை, நடுவுல மருந்துச் செடின்னு மழைக்காட்டோட மாடிகளைக் காப்பியடிச்சு 1960-களிலேயே சோதனைத் தோட்டங்கள் போட்டார். மண் அரிக்கலை. குளிர் வந்தப்போ கூட்டமா இருந்த மரங்கள் கொஞ்சம் நல்லாவே தாங்கிச்சு. இருந்தும் விலை ஏறின காலத்துல பெரும்பாலான விவசாயிகள் கேட்டது 'ரப்பர் மட்டும்'தான். ஒரே வேலை, ஒரே வியாபாரி, மாசக் கணக்குல வருமானம். அதுல இருக்கும் வசதி அப்படி.

'காட்டுக்குள்ளேயே பயிர்'ங்கிற யோசனை எப்பவும் நல்லதுன்னும் சொல்லிட முடியாது. ஏலக்காய் குடும்பத்துல ஒரு மருந்துப் பயிரை 1960-களில் மழைக்காட்டு நிழல்ல நட ஆரம்பிச்சாங்க. பெரிய மரங்களை வெட்டலை, நல்லதுதானே? ஆனா ஏலத்துக்கு இடம் கொடுக்கக் கீழே இருந்த கன்றுகளையெல்லாம் ஒழிச்சுட்டாங்க. மேலே இருந்து பார்த்தா காடு. உள்ளே போய்ப் பார்த்தா தாத்தாக்கள் மட்டும் இருக்கும் வீடு. பேரப்பிள்ளை ஒண்ணுகூட இல்லை.

தேனும் ஆர்க்கிடும் தேயிலையும்

ரப்பர் நிலத்தைக் காடாக்கணும்னா, அந்த நிலத்துக்காரர் அடுத்த மாசம் எதைத் தின்பார்ங்கிற கேள்விக்கு முதல்ல பதில் வேணும். ஒரு தனிமனித முயற்சி இதுல கவனிக்க வேண்டியது. யோசஃப் மார்கிராஃப்னு ஒரு ஜெர்மானியச் சூழலியலாளர். பிலிப்பைன்ஸோட லெய்த்தே தீவுல, காட்டு மரங்களையும் பழ மரங்களையும் கலந்து நட்டு விவசாயிகளோட நிலத்துலயே மழைக்காட்டை வளர்க்கும் முறையில வேலை பார்த்தவர். அப்புறம் சிஷுவாங்பன்னாவுக்கு வந்தார், லி மின்குவோவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ரெண்டு பேரும் தியான்ட்ஸிங்கிற அமைப்பை ஆரம்பிச்சு, புலாங் மலையில வெட்டவெளியா கிடந்த நிலத்துல காட்டை வளர்த்தாங்க. மரத்துல டென்ட்ரோபியம் ஆர்க்கிட்களைக் கட்டி வளர்த்தாங்க. சீன மருத்துவத்துல நல்ல விலை போற ஆர்க்கிட் அது. காட்டுல இருந்து திருடித் திருடியே அழிவோட விளிம்புக்குப் போனது. மரம் இருந்தாத்தான் ஆர்க்கிட், ஆர்க்கிட் இருந்தாத்தான் காசுன்னு ஒரு கணக்கு. 2010-ல மார்கிராஃப் இறந்துபோனார். லி மின்குவோ வேலையை விடலை.

இன்னொரு முன்மாதிரி பக்கத்து மாவட்டமான பூ-அர்ல இருக்கும் ஜிங்மாய் மலை. அங்க புலாங், தாய் இன மக்கள் பல நூற்றாண்டா காட்டு மரங்களை வெட்டாம, அதோட நிழல்ல தேயிலை வளர்க்கிறாங்க. வரிசையும் கிடையாது, கத்தரிப்பும் கிடையாது. தேயிலைன்னா நமக்கு மனசுல வர்ற வால்பாறை, ஊட்டிப் பச்சைக் கம்பளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. 2023-ல யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. இந்தப் பழைய மரத் தேயிலைக்குச் சந்தையில விலை ரொம்ப அதிகம். ஆனா தேயிலையும் சூதாட்டம்தான். 2007-ல பூ-அர் தேயிலை விலை ஊதிப் பெருத்து ஒரே வருஷத்துல வெடிச்சது. காட்டைக் காப்பாத்தும் பொறுப்பை ஒரே ஒரு சரக்கோட விலை மேல ஏத்துறது எனக்கு அவ்வளவா நம்பிக்கை தரலை.

விலை வேற விதத்துலயும் விளையாடும். 2011-ல உச்சத்துல இருந்த ரப்பர் விலை அதுக்கப்புறம் சரிஞ்சது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்லைட் கட்டிக்கிட்டு பால் வெட்டப் போறவருக்குக் கூலிகூடக் கட்டுபடி ஆகாத நிலை. பல இடத்துல மரத்தை அப்படியே விட்டுட்டாங்க. காட்டை மீட்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இதுதான் கதவு திறந்த நேரம். 900 மீட்டருக்கு மேல இருக்கும் மலையிலயும், செங்குத்தான சரிவுலயும் ரப்பர் பால் குறைவாத்தான் வரும். குளிர் வேற மரத்தைக் கொல்லும். லாபமே இல்லாத அந்த நிலத்துல இருந்து ரப்பரை எடுத்துட்டு உள்ளூர் மரங்களை நடலாம்னு ஆய்வாளர்கள் பல வருஷமா சொல்றாங்க. உள்ளூர் அரசும் 'சூழலுக்கு இணக்கமான ரப்பர் தோட்டம்'ங்கிற பெயர்ல மலை உச்சியிலயும் ஓடைக் கரையிலயும் வேற மரங்களைக் கலந்து நடச் சொல்லுது. கீழே பள்ளத்தாக்குல இருக்கும் நல்ல ரப்பர் நிலம்? அதை யாரும் விட்டுத்தர மாட்டாங்க. மழைக்காடு உண்மையில கேட்கிறது அந்த நிலத்தைத்தான்.

ரப்பர் நட்டுப் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். அந்த ஏழு வருஷத்தைப் பொறுத்துக்கிட்ட விவசாயிகள், காட்டுக்காகவும் ஏழு வருஷம் பொறுத்துக்க மாட்டாங்களான்னு கேட்கலாம். மாட்டாங்க. ரப்பர்ல எட்டாவது வருஷம் சம்பளம் வரும்னு தெரியும். காட்டுல வர்ற வருமானமோ ஓடையில தண்ணி, மலையில பனி, யானைக்குத் தீனி. அது ஊருக்கே பொது. செலவு மட்டும் ஒருத்தரோடது.

யானைகள் கொடுத்த செய்தி

2021-ல உங்க ஃபீட்ல ஒரு வீடியோ வந்திருக்கும். ஒரு காட்டு யானைக் கூட்டம் ஒண்ணா படுத்துத் தூங்குற ட்ரோன் காட்சி. அந்தக் கூட்டம் சிஷுவாங்பன்னாவுல இருந்து கிளம்பினதுதான். சுமார் 500 கிலோமீட்டர் வடக்கே, மாகாணத் தலைநகர் குன்மிங் வரைக்கும் போயிடுச்சு. ஆகஸ்ட் 8 அன்னைக்கு யுவான்ஜியாங் ஆத்துப் பாலத்தைத் தாண்டி ஊர் திரும்பிச்சு. ஏன் போச்சுன்னு ஒரே காரணத்தை யாரும் அடிச்சுச் சொல்லலை. ஆனா பின்னணி தெளிவு. 1980-கள் வாக்குல 200-க்கும் கீழ இருந்த சீனாவின் காட்டு யானைகள், வேட்டையை ஒடுக்கினதால இப்ப சுமார் 300. யானை கூடிச்சு, காட்டுத் துண்டுகள் பெரிசாகலை. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல ரப்பர், சாலை, ஊர்.

இதுல எனக்கே ஆச்சர்யமா இருந்த ஒண்ணு: காட்டை ரொம்ப நல்லாப் பாதுகாத்தாலும் யானைக்குக் கஷ்டம். யானைக்குப் பிடிச்சது புல்லும் மூங்கிலும் காட்டு வாழையும். அதெல்லாம் வெயில் படுற திறந்த இடத்துல வளரும். காப்பகத்துக்குள்ள மரம் அடர்ந்து மூடினதும் தீனி குறைஞ்சு, யானை வயலுக்கு வந்துடுது. அதனால காப்பகத்துலயே சில இடங்களைத் திறந்து வாழை, மூங்கில் நட்டு 'யானை கேன்டீன்' அமைச்சிருக்காங்க. பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு கொடுக்க 2010-ல இருந்து அரசே பிரீமியம் கட்டும் இன்ஷூரன்ஸும் இருக்கு. ஆக, மீட்பு வேலையில நெருக்கமா மரம் நடுறது மட்டும் போதாது. துண்டுகளை இணைக்கும் பாதையும் வேணும், அங்கங்க வெட்டவெளியும் வேணும்.

நேர்ல பார்க்கணுமா?

2021 டிசம்பர்ல சீனா-லாவோஸ் ரயில் ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போறது சுலபம். குன்மிங்ல இருந்து சிஷுவாங்பன்னா ஸ்டேஷனுக்கு நாலு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ஜன்னல் ஓரம் கிடைச்சாலும் பாதி நேரம் சுரங்கப்பாதைதான். ஜிங்ஹோங்ல இருந்து பஸ்ல மெங்லுன் தாவரவியல் தோட்டம். அங்கிருந்து இன்னும் தெற்கே போனா மெங்லா. வாங்தியன்ஷு மரங்களுக்கு நடுவுல தொங்குபாலம் கட்டி வெச்சிருக்காங்க. உயரம்னா பயம் இருக்கிறவங்க கீழேயே நின்னு அண்ணாந்து பார்க்கலாம், மரத்தோட பெயரே அதுதானே.

ஏப்ரல் நடுவுல போனா தண்ணி விளையாட்டு, கூட்டம், ரூம் வாடகை எல்லாம் எகிறும். ஜனவரியில போங்க. காலையில பனி விலகும் வரைக்கும் கேமராவை வெளிய எடுக்காதீங்க, ஒண்ணும் தெரியாது. பனி விலகினதும் எதிர் மலையைப் பாருங்க. இலை உதிரப் போற ரப்பர் மரங்கள் அந்த மாசம் சிவப்பும் பழுப்புமா மாறியிருக்கும். மழைக்காடு பச்சையாவே இருக்கும். எது தோட்டம், எது காடு, புனித மலை எங்க முடியுது, ரப்பர் எங்க தொடங்குதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம்.